புத்தகங்களை எங்கிருந்து பெறுகிறீர்கள், ஏன் அந்த வழி?

பெட்டிநிறைய எழுதியது:

வேலை மாற்றலால் அடிக்கடி வீடு மாறுகிறவள் நான். சாமான் கட்டும் ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லோர் கண்ணும் புத்தகப் பெட்டிகள் மேல்தான் விழும். கட்டிலையோ பீரோவையோ பார்த்து "இது அவசியமா?" என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் மனம் விட்டுப்போய் மின்நூலுக்கு மாறினேன். கைப்பேசியில் வாங்கி, அதிலேயே படித்து, பிடித்த வரிகளுக்கு வண்ணமிட்டு, ஓரத்தில் குறிப்பும் எழுதி வந்தேன்.

போன வாரம் அந்தச் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு. சேவையை நிறுத்தப்போகிறார்களாம். வாங்கிய நூல்களைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வழி இல்லை. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்தக் குறிப்புகள் போவதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாவலை எந்த மனநிலையில் படித்தேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அவை.

கடைகளின் பட்டியல் எனக்கு வேண்டாம், அது தேடினால் கிடைத்துவிடும். எந்த மாதிரிப் புத்தகத்தை எந்த வழியில் பெறுகிறீர்கள், ஏன் அந்த வழி என்று சொல்லுங்கள். உங்கள் காரணங்களை வைத்து என் வழியை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

ஓய்வுபெற்ற_நூலகர் எழுதியது:

அம்மா, உங்களுக்கு நடந்தது புதிதல்ல. 2009இல் அமேசான், வாசகர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது நூல்கள் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பி வந்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். உங்களைப் போலக் குறிப்புகளுக்காக வருந்தியவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறதல்லவா?

அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அந்தப் பிரதி உங்கள் சொத்து. யாருக்கும் கொடுக்கலாம், விற்கலாம், பேத்திக்கு விட்டுச் செல்லலாம். பெரும்பாலான மின்நூல் கடைகளில் நீங்கள் வாங்குவது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. நூலகங்களுக்கும் இதே கதைதான். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்கு விற்கும் மின்நூலை 26 முறை இரவல் கொடுத்ததும் அது காலாவதியாகிவிடும் என்று விதி வகுத்தது. நல்ல பைண்டிங் உள்ள அச்சுப் புத்தகம் அதைவிட எத்தனையோ மடங்கு கைமாறும். நானே கிழிசலை ஒட்டி ஒட்டித் திரும்ப அடுக்கியிருக்கிறேன்.

என் வழி நூலகம். நூலகத்திலிருந்துதான் தயங்காமல் ஒரு புத்தகத்தை எடுக்க முடியும். காசு கொடுத்து வாங்கியதை முடித்தே தீர வேண்டும் என்று பலர் மல்லுக்கட்டுவார்கள். இரவல் எடுத்ததை முப்பதாவது பக்கத்தில் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். புது ஆசிரியர்களையும், நமக்குப் பழக்கமில்லாத துறைகளையும் தொட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. வருடக்கணக்கில் யாரும் தொடாத புத்தகத்தை ஒருவர் எடுத்து வந்து மேசையில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதி நினைவுக்கு வரும்.

ஒரு வேண்டுகோள். அலமாரியில் இல்லை என்றதும் திரும்பிவிடாதீர்கள். பல நூலகங்களில் வாசகர் பரிந்துரைப் பதிவேடோ படிவமோ இருக்கும், எழுதி வையுங்கள். வேறு கிளையிலிருந்து தருவித்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் நூலகர் வாங்கச் சொல்லிப் போராட முடியும்.

ஃபாரம்16 எழுதியது:

நான் பழைய புத்தகக்காரன். பதிப்பு நின்றுபோன நூல்தான் என் தேவை, அதனால் வேறு வழியும் இல்லை. மறுபதிப்பு வராத பயண நூல், யாரோ ஒரு ஆசிரியர் எழுதிய கணக்குப் பாடம், ஒரே பதிப்போடு காணாமல் போன மொழிபெயர்ப்பு இதெல்லாம் புதுக் கடைக்கு வராது.

கையில் எடுத்ததும் விலையைப் பார்க்காதீர்கள், பக்க எண்ணைப் பாருங்கள். புத்தகம் எட்டு, பதினாறு பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகி, மடித்துச் சேர்த்துத் தைக்கப்படுவது. தைக்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போனால் 64க்கு அடுத்து 81 வரும், நடுவில் பதினாறு பக்கம் இருக்காது. சிலதில் ஒரே ஃபாரம் இரண்டு முறை இருக்கும். அட்டை பளபளவென்று இருக்கிற பிரதியிலும் இது உண்டு.

தாள் பழுப்பாக இருப்பது குற்றமில்லை. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னினும் அமிலமும் தங்கிவிடும், வெயிலும் காற்றும் பட்டால் நிறம் மாறும். மூலையை லேசாக மடக்கும்போது ஒடிந்தால் மட்டும் யோசியுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குரல்வழி எழுதியது:

எனக்குப் பார்வை கிடையாது. நான் படிப்பது, திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மூலம். கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக். அதனால் இந்தக் கேள்விக்கு என் பதில் மற்றவர்களுடையதிலிருந்து வேறாகத்தான் இருக்கும். கடை, நூலகம், நண்பர் என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். ஒரு கோப்பு என் காதில் விழுமா விழாதா என்பது ஒன்றுதான் எனக்குப் பிரிவு.

இணையத்தில் 'தமிழ் மின்நூல்' என்று கிடைப்பதில் பெரும்பகுதி பிடிஎஃப். அதிலும் நிறைய, புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கோத்தவை. உங்கள் கண்ணுக்கு அது புத்தகம். என் வாசிப்பான் அதைத் திறந்ததும் வெற்று ஆவணம் என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். இன்னொரு வகை உண்டு. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பிடிஎஃப். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. திரையில் அழகான தமிழ் தெரியும். அடியில் இருப்பதோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். வாசிப்பான் அவற்றைத்தான் படிக்கும். தேடித்தேடி இறக்கிய ஒரு கட்டுரைத் தொகுப்பு இப்படிப் பிதற்ற ஆரம்பிக்கும்போது வரும் ஏமாற்றத்தை எப்படிச் சொல்வது?

அதனால் நான் முதலில் போகுமிடம் மதுரைத் திட்டம். 1998இல் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய பழைய நூல்கள் அங்கே எழுத்தாகவே இருக்கின்றன. அடுத்தது தமிழ் விக்கிமூலம், அதுவும் தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச இணைய நூலகம்தான். இரண்டிலும் எனக்குக் கிடைப்பது, நானே நிறுத்தி, பின்னால் போய், எழுத்து எழுத்தாகக் கேட்கக்கூடிய உரை.

ஒலிநூல் போதாதா என்று நல்ல மனதோடு கேட்பார்கள். நல்ல குரலில் ஒரு நாவலைக் கேட்பது பெரிய சுகம், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் கதாபாத்திரத்தின் பெயரில் வருவது லகரமா ளகரமா, அந்த ஊர்ப் பெயர் ஒற்றோடா ஒற்றில்லாமலா என்று ஒலிநூலில் தெரியாது. நான் கட்டுரை எழுதுகிறவன், மேற்கோளைப் பிழையில்லாமல் எடுக்க வேண்டும். பிரெய்லியிலும் படிப்பேன், விருப்பத்தோடு படிப்பேன். ஆனால் ஒரு நடுத்தர நாவலே பல கனத்த தொகுதிகளாகிவிடும். பெட்டிநிறைய அவர்கள் வீடு மாறும் கஷ்டத்தை எழுதியபோது என் பிரெய்லி அலமாரிதான் கண்முன் வந்தது.

புதிதாக வரும் நூல்களை வாங்கவே எனக்கு விருப்பம். பணம் கொடுத்து வாங்குவதில் ஒரு வாசகனாக எனக்கு மரியாதை இருக்கிறது. ஈபப் என்ற மின்நூல் கோப்பு வடிவில், யுனிகோடில், நகலெடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ விடாத பூட்டு இல்லாமல் வந்தால் வந்த அன்றே வாங்கிவிடுவேன். பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 2009இல் கிண்டில் 2 நூல்களை உரக்க வாசிக்கும் வசதியோடு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்ட் எதிர்த்ததும், எந்த நூலை வாசிக்க விடுவது என்று பதிப்பகங்களே தீர்மானிக்கலாம் என்று அமேசான் விட்டுக்கொடுத்தது. கேட்டுப் படிக்க வேறு வழி இல்லாதவர்களை அந்த முடிவு எப்படித் தாக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் எங்கள் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. 2013இல் மராகேஷ் உடன்படிக்கை கையெழுத்தானது, 2016இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள், உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் நூலைப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றலாம், எல்லை தாண்டிப் பகிரலாம் என்கிறது அது. ஆனால் மாற்றிக் கொடுக்க மனிதர்கள் வேண்டும். சட்டம் கதவைத் திறக்கும், தட்டச்சு செய்யாது.

படித்த புத்தகத்தைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் அது எந்த வடிவில் கிடைக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவி.

வரிக்குவரி எழுதியது:

மொழிபெயர்ப்பாளனாக ஒன்று சொல்ல வேண்டும், இங்கே யாரும் அதைத் தொடவில்லை. குழுக்களில் சுற்றும் பிடிஎஃப். என் நூல் வெளியான சில நாட்களிலேயே யாரோ வருடி (ஸ்கேன் செய்து) அனுப்பிவிட்டார்கள், எனக்கே மூன்று பேர் அன்போடு அனுப்பினார்கள். பதிப்பு நின்றுபோன, எங்கும் கிடைக்காத நூலை ஒருவர் வருடிப் பாதுகாப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நேற்று வந்த நூலை அப்படிச் செய்யும்போது அடுத்த நூலை அச்சிடும் துணிச்சல் பதிப்பாளருக்குப் போய்விடுகிறது. அச்சு நூலுக்கு ராயல்டி பெரும்பாலும் விலையில் பத்து சதவீத அளவுதான், அதுவும் விற்ற பிரதிக்கு மட்டும்.

வாழ்கிற எழுத்தாளரின் புது நூல் என்றால் புதுப் பிரதி வாங்குங்கள், இயலாதவர்கள் நூலகத்தில் வாங்கச் சொல்லுங்கள். நூலக இரவலுக்கும் எழுத்தாளருக்கு ஒரு தொகை தரும் நாடுகள் உண்டு. டென்மார்க் 1946இலேயே தொடங்கியது, பிரிட்டன் 1979இல் சட்டம் இயற்றியது. காலமான ஆசிரியர் என்றால் உரிமைக் காலம் முடிந்துவிட்டதா பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், பல நாடுகளில் 70. முடிந்திருந்தால் தயங்காமல் இலவசமாகப் படியுங்கள்.

குரல்வழி, உங்கள் பதிவைப் படித்ததும் என் பதிப்பாளருக்கு எழுதினேன். யுனிகோடு கோப்பு என்னிடமே இருக்கிறது, ஈபப் ஆக்குவது பெரிய வேலை இல்லை.

பெட்டிநிறைய எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் முடிவு இதுதான். திரும்பத் திரும்பப் படிப்பேன் என்று தோன்றும் நூல்களை அச்சில் வாங்கப்போகிறேன், வீட்டில் யார் என்ன சொன்னாலும். முயன்று பார்க்க நூலகம். மின்நூல் என்றால் கோப்பு என் கைக்கு வர வேண்டும், பூட்டு இருந்தால் வேண்டாம். செயலி மூடுவதற்குள் என் குறிப்புகளை ஒரு நோட்டில் கையால் எடுத்து எழுதி வருகிறேன்.

குரல்வழி சார், எனக்குத் தட்டச்சு வேகமாக வரும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

குரல்வழி எழுதியது:

உங்கள் கேள்வியைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருபுறம் வருடிய படம், மறுபுறம் எழுத்துணரி, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், எடுத்த உரை இருக்கும். சிவப்பு நிறம் என்றால் இன்னும் யாரும் திருத்தவில்லை. ஒருவர் திருத்தினால் மஞ்சள், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. சிவப்புப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் ணை, லை, னை, றா ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கவனியுங்கள், எழுத்துணரி அங்கேதான் அதிகம் தடுமாறும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் குழப்பம் வரும். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் உரையின் நடுவே புகுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். வாக்கியத்துக்கு நடுவில் "நூற்று இருபத்து மூன்று" என்று வாசிப்பான் சொல்லும்போது கவனம் கலைந்துவிடுகிறது. வரி முடிவில் உடைந்த சொற்களைச் சேர்த்துவிடுங்கள். ஆசிரியரின் எழுத்துநடையை மட்டும் திருத்த வேண்டாம், அச்சில் உள்ளபடியே இருக்கட்டும்.

முதலில் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். ஒரு கதை முடிந்தாலே எங்களால் அதை முழுதாகப் படித்துவிட முடியும்.