கிராண்ட் ஜூரி சம்மன்: மனு எப்போது போடுகிறீர்கள்?

அமெரிக்க ஃபெடரல் வழக்குகளில் பழகியவர்கள் உதவுங்கள். சாட்சிக்குக் கிராண்ட் ஜூரி (ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) சம்மனோடு, “முன்னதாக எங்கள் அலுவலகம் வந்து பேசினால் போதும்” என்று அரசு வழக்கறிஞர் கடிதமும் வருகிறது. சம்மன் கட்டுப்படுத்துவது ஜூரி முன் ஆஜராவதற்கு மட்டுமே; அலுவலகப் பேச்சு சாட்சியின் விருப்பம். இது தெரியாமலே பலர் பயந்து ஓடுகிறார்கள், வேதனையாக இருக்கிறது. ஜூரி அறைக்குள் சாட்சியின் வக்கீலுக்கு இடமில்லை; சந்தேகமென்றால் வெளியே வந்துதான் கேட்க வேண்டும். பதில் சொல்லும்படி நீதிமன்றம் உத்தரவிட்டும் காரணமின்றி மறுத்தால் 18 மாதம் வரை காவல்.

சிக்கல் ஆவணச் சம்மனில். ஐந்தாண்டு மின்னஞ்சல் முழுவதையும் கேட்டால், ஃபெடரல் குற்றவியல் நடைமுறையின் 17(சி) விதிப்படி ரத்து அல்லது குறைப்பு கோரலாம். ஆனால் விதியில் நாள் கணக்கில்லை, “தாமதமின்றி” என்பதோடு சரி. கெடுவுக்கு எத்தனை நாள் முன்பு தாக்கல் செய்கிறீர்கள்? அதற்குமுன் தேதி வரம்பைச் சுருக்கக் கேட்டு எழுதும் கடிதத்தின் மாதிரி இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.