பிராக் யூதர் குடியிருப்பு: ஞாயிறு காலைக்கு வழிகாட்டி தேவை

அம்மாவும் நானும் வரும் வெள்ளி இரவு பிராக் போய்ச் சேர்கிறோம். ஞாயிறு மாலை புறப்படுகிறோம். யோசெஃபோவ் யூதர் குடியிருப்பை வழிகாட்டியோடு நடந்து பார்க்க, சனிக்கிழமை காலைக்கு இரண்டு மாதம் முன்பே பணம் கட்டிவிட்டேன். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். தொழுகைக்கூடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும், தெருவில் நின்று பார்ப்பதுதான் அந்த நடை என்பது நேற்றுதான் தெரிந்தது.

ஞாயிறுக்கு மாற்றித் தரும்படி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. வேறு மூன்று இடங்களில் விசாரித்தேன். இரண்டில் ஞாயிறு நிரம்பிவிட்டது, மூன்றாவதில் ஜெர்மன் மொழி மட்டும்தான்.

நாங்களே டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். ஆனால் பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்கள் முழுக்க, நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் சிவப்பில், ஆளின் பெயர் கறுப்பில். அந்தச் சுவரின் முன் நின்று, விவரம் தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும் என்பது வரலாற்று ஆசிரியையாக இருந்த அம்மாவின் பல வருட விருப்பம். அவருக்கு முழங்கால் வலி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஞாயிறு காலையில் உள்ளே அழைத்துச் சென்று, ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கும் வழிகாட்டி யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?