புழுதிக்காற்றும் மழையும்: நீங்கள் பார்த்தது என்ன?

ஃபர்வானியா, குவைத்:
இங்கே இருப்பவர்களுக்கு ‘சராயாத்’ பருவம் தெரிந்திருக்கும். மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை இழுக்கும். மதியம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் வானம் ஒரு பக்கம் கருக்கும், மழைக்கு முன்னால் புழுதி வந்து சேர்ந்துவிடும். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி மண்ணைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. அப்படி ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் முதலில் விழுந்தது சேற்றுப் பொட்டு, தண்ணீர் இல்லை. வைப்பரைப் போட்டதும் மொத்தமாக இழுவிவிட்டது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. இடி மட்டும் மேலே உருண்டுகொண்டிருந்தது. கீழ்க்காற்று அவ்வளவு வறட்சி, துளிகள் பாதி வழியிலேயே காய்ந்துபோகின்றன.

2022 மே மாதம் விமான நிலையத்தையே நிறுத்திவைத்த புழுதி வேறு ரகம். அது ஈராக் பக்கமிருந்து வந்தது. புழுதி கூடினால் மழை குறையும் என்று ரூமில் சொல்கிறார்கள். நிஜமா?

தோஹா, வானிலை படித்தவன்:
பாதி நிஜம். பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்கு ஒரு பிடிதான். அதே ஈரத்தை ஏராளமான தூசித்துகள்கள் பங்குபோட்டால் மேகத்துளிகள் பொடிசாகவே நின்றுவிடும். மோதிச் சேர்ந்து கனத்தால்தானே கீழே விழும்! ஆனால் உப்பு ஒட்டிய பெரிய துகள் நேர்மாறு. சீக்கிரம் பருத்து மற்ற துளிகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். உயரத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. தூசி இல்லாத நுண்துளி மைனஸ் 38 டிகிரி அருகே போகும்வரை உறையாமலே இருக்கலாம். பாலைவனத் தூசி, அதிலும் ஃபெல்ட்ஸ்பார் தாது, உள்ளே இருந்தால் மைனஸ் 20-க்கு முன்பே பனிப்படிகம் ஆகிவிடும். ஆக, எந்தத் துகள், எந்த மேகம் என்று பார்க்காமல் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், உங்கள் பக்கத்துப் புழுதி வீணாகப் போவதில்லை. அரபிக்கடல் மேல் பரவி வெயிலை உறிஞ்சி அங்குள்ள காற்றைச் சூடாக்குகிறது. அதனால் தென்மேற்குக் காற்று வலுத்து, ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுகிறது என்று 2014-இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது.

ஃபர்வானியா, குவைத்:
சரி, அப்படியானால் நாக்பூர்க்காரர்கள் எங்கள் ஏசி ஃபில்டர்களைக் கழுவ ஆள் அனுப்பட்டும்.