வழிகாட்டியோடு நேர்ந்த, இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு தருணம்: அனுபவப் பகிர்வு

புதிய தலைவர்:
நான் பொறுப்பேற்றபின் நடந்த முதல் பொதுக்குழுக் கூட்டம் அது. தன்னார்வச் சங்கங்களில் இருந்தவர்களுக்கு அந்தச் சூழலை விளக்க வேண்டியதில்லை. வரவுசெலவு அறிக்கையை வாசித்து முடித்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, இருப்புநிதியிலிருந்து எடுக்கப்பட்ட தொகைக்குச் செயற்குழுவின் ஒப்புதல் இருந்ததா என்று கேட்டார். உடனே அரங்கிலிருந்த அத்தனை பேரும் என்னை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அமர்ந்திருந்தவர் எனக்கு முன் தலைவராக இருந்த அம்மையார். என்னை இப்பொறுப்புக்குத் தயார்செய்தவரும் அவரே. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர் என்பதால் விடை அவருக்குத் தெரியும். அவரோ தலையைக் குனிந்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். நான் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, உரிய பக்கத்தைக் கண்டுபிடித்து வாசித்துக்காட்டும்வரை அவர் நிமிரவே இல்லை. பிறகு கேட்டபோது, “இன்று நான் பதில் சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்திலும் என்னைத்தான் பார்ப்பார்கள்” என்றார். அறிவு இதை ஒப்புகிறது. ஆனாலும் அது வழிகாட்டுதலா, கைவிடுதலா என்று மனம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வரைபடப் பொறியாளர்:
சங்கத்தில் அந்த மௌனம் பொருந்தலாம். அலுவலகத்தில் அதே மௌனம் ஒருவருடைய பதவி உயர்வைப் பறித்துவிடும். என் முதல் மேலாளர் வரைபடத்தில் நான் இட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்டுத் தொழிலைக் கற்பித்தவர். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பதவி உயர்வுக் குழு கூடிய மாலையில், என் பெயர் பேசப்பட்டதா என்று அவரிடமே கேட்டேன். “யாரும் எடுக்கவில்லையே, அம்மா” என்று இயல்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த அறையில் என் வேலையை அறிந்தவர் அவர் ஒருவர்தான். எர்மினியா இபார்ரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டின் சில்வா ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும் இதைத்தான் காட்டியது: பெண்களுக்கு அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது, செல்வாக்குள்ளவர்கள் அவர்களுக்காகப் பரிந்து பேசுவது குறைவு, பதவி உயர்வில் அவர்கள் பின்தங்குவதற்கு அது ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற துறைத் தலைவர்:
என் அனுபவம் சிறியது. எனக்கு வழிகாட்டியவர் ஒருநாள், “இனி என்னிடம் கேட்காதீர்கள்” என்று சொல்லி எழுந்து போனார். அன்று எனக்கு ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் முழுதாக நீங்கவில்லை. ஆயினும் இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நேரடி மேலாளரை வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள்; உங்கள் பணியை மதிப்பிட்டுக் குறிப்பெழுதப் போகிறவரிடம் உங்கள் குறைகளை எப்படி மனம்விட்டுப் பேசுவீர்கள்? எதைப் பேசப்போகிறோம் என்பதை வழிகாட்டப்படுபவரே முன்கூட்டி எழுதி அனுப்ப வேண்டும், ஏனெனில் மூத்தவரிடம் விட்டால் அவர் தம் இளமைக் காலத்தைப் பற்றித்தான் பேசுவார். (நானும் அப்படித்தான்.) பேசியது வெளியே போகக்கூடாது என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மாதம் என்று காலவரையறை வைத்து முறைப்படி முடித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டும் உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை என இவ்வுறவுக்கு நான்கு கட்டங்களைக் குறித்தார். பிரிவு அதன் இயல்பான பகுதியே தவிர விபத்து அன்று. 1915-இல் நாடு திரும்பிய காந்தியிடம், ஓராண்டு எதைப் பற்றியும் பொதுவெளியில் கருத்துக் கூறாமல் நாட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று அவருடைய அரசியல் வழிகாட்டியான கோகலே வாக்குறுதி வாங்கினார். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே கோகலே மறைந்துவிட்டார். காந்தியோ பயணத்தைத் தொடர்ந்தார். நல்ல அறிவுரைக்கு அதைச் சொன்னவர் உடனிருக்க வேண்டியதில்லை.

மாலைநேரத் தன்னார்வலர்:
ஐயா, மன்னிக்கவும், அந்த ஆறு மாதக் கணக்கை எல்லாருக்கும் பொதுவாக்காதீர்கள். பதின்பருவத்தினருக்கு வழிகாட்டும் திட்டமொன்றில் ஒரு சிறுவனை என்னிடம் ஒப்படைத்தார்கள். என் பெயரைக்கூடக் கேட்காமல், “நீங்கள் எப்போது போவீர்கள்?” என்பதையே அவன் முதலில் கேட்டான். எனக்கு முன் வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய உறவுகளின் கால அளவையே ஆராய்ந்தது: ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்தவற்றில் நன்மை மிகுதியாக இருந்தது, மிகக் குறுகிய காலத்தில் முறிந்தவற்றிலோ சிறுவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. அதாவது, பாதியில் விடுவது வராமலே இருப்பதைவிடத் தீங்கானது. மேலும், நீங்கள் மேற்கோள் காட்டிய கிராம் அவர்களே வளர்ச்சிக் கட்டத்துக்கு மட்டும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்று குறித்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற துறைத் தலைவர்:
சிறுவர்கள் விஷயத்தில் ஒப்புகிறேன். அலுவலகத்துக்கு நான் சொன்னது சொன்னதுதான்.

வரலாற்று ஆசிரியர்:
முதலில் எழுதியவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்கு எல்லா பேக்கர் (Ella Baker) என்ற அமெரிக்கக் குடியுரிமைப் போராளி நினைவுக்கு வருகிறார். 1960 ஏப்ரலில், அமெரிக்காவில் உணவகங்களில் நிறப்பாகுபாட்டுக்கு எதிராக உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய மாணவர்களை ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூட்டியவர் அவர். மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு அங்கிருந்துதான் பிறந்தது. மாணவர்களைத் தங்கள் இளைஞர் பிரிவாக ஆக்கிக்கொள்ள மூத்த தலைவர்கள் சிலர் விரும்பியபோது, அந்தத் தலைவர்களின் அமைப்பிலேயே பணியாற்றிக்கொண்டிருந்த பேக்கர் அதை எதிர்த்தார். மாணவர்கள் கூடிய இடத்திலோ முடிவை அவர்களிடமே விட்டார். உங்கள் அம்மையார் இரண்டாவதைச் செய்திருக்கிறார். முதலாவதையும் செய்பவரா என்பதைச் செயற்குழுவில் உங்களை யாராவது ஓரங்கட்ட முயலும்போதுதான் அறிவீர்கள். பொறியாளர் அம்மாவின் மேலாளர், எந்த இடத்தில் பேச வேண்டும் என்பதை அறியாதவராக இருந்திருக்கலாம்.

வரைபடப் பொறியாளர்:
அறியாதவர் அல்லர், ஐயா. அதே கூட்டத்தில் வேறொருவருக்காக அவர் நெடுநேரம் வாதாடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.