சைபர் முறைப்பாட்டுக்குத் தமிழ் பேசும் சட்டத்தரணி தேவை

அக்காமார், தங்கச்சிமார், வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரு சின்ன கேம் ஸ்டூடியோ நடத்துகிறோம். கேமை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விட்ட நாளிலிருந்து வசவும் மிரட்டலும்தான். வேண்டுமென்றே குவிக்கும் விமர்சனங்களை மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடும் முறை அங்கே 2019 முதல் இருக்கிறது, ஸ்டீமுக்கு அறிவித்துவிட்டோம், சரி. ஆனால் படம் வரையும் தங்கச்சியின் வீட்டு விலாசத்தையே இணையத்தில் போட்டுவிட்டார்கள். மூன்று நாளாக அவள் வெளியே வரவில்லை.

ஸ்கிரீன்ஷொட், லிங்க், திகதி எல்லாம் சேமித்திருக்கிறோம். பொலிஸ் கணினிக் குற்றப் பிரிவுக்கு நேரே போகலாமா? இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பேச்சுரிமையை நெரிக்கும் என்று எதிர்த்தவர்கள் நாங்கள். அதைக் கையிலெடுக்க மனம் ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா? இப்படியான வழக்குப் பார்த்த, தமிழில் பேசக்கூடிய சட்டத்தரணி யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். முறைப்பாடு கொடுக்கும்போது அவளோடு கூட வரக்கூடிய ஓர் அக்காவும் வேண்டும்.