தோட்டப்பாளையம் வீட்டின் முன்பகுதியைச் சிகிச்சைக்கு வருவோருக்கு விடுவது பற்றி

தோட்டப்பாளையம்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா கட்டிய வீட்டின் முன்பகுதி (ஓர் அறை, சிறு சமையலறை, தனிக் குளியலறை) தம்பி சென்னைக்குக் குடிபோன பிறகு பூட்டியே கிடக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ விடலாம் என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். வெள்ளையடித்துக் கட்டில், மெத்தை வாங்கிப் போட்டால் போதுமா? ஏசி அவசியமா?

கொசப்பேட்டை:
சகோதரி, பதினோரு ஆண்டுகளாக எங்கள் மாடியை இப்படி விட்டு வருகிறோம். படியேற முடியாமல் திரும்பிப் போனவர்கள் பலர். உங்களுடையது தரைத்தளம் என்பதே பெரிய வசதி. வெள்ளையடிப்பதற்கு முன் குளியலறையைப் பாருங்கள். உட்கார்ந்து எழும் வெஸ்டர்ன் டாய்லெட், பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி, வழுக்காத தரை ஆகிய மூன்றும் அமையும் வரை யாரையும் குடிவைக்காதீர்கள். நாங்கள் முதலில் பளபளப்பான டைல்ஸ் போட்டிருந்தோம். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள் ஒரு பெரியவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். தையல் பிரியவில்லை என்றாலும், அவர் மனைவி அன்றிரவு முழுவதும் அவர் காலடியில் கண்மூடாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மறுவாரமே அத்தனையையும் பெயர்த்து மாற்றினேன்.

சாயிநாதபுரம் இல்லத்தரசி:
வருபவர்களில் பலர் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசத்தைச் சேர்ந்தவர்கள். மூன்று நாளைக்கு மேல் இட்லி சாம்பார் அவர்களுக்கு இறங்காது. பத்தியமும் இருப்பதால் தாமே சமைக்க விரும்புவார்கள். கடுகெண்ணெயும் மீனும் மணக்கும் என்பதை வீட்டில் இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். குடிவைத்துவிட்டு முகம் சுளிப்பது பாவம். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வாடகை அறைக்குத் தரக் கூடாது என்பதால், இண்டக்‌ஷன் அடுப்பும் அடி தட்டையான பாத்திரங்களும் வாங்குங்கள். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் படியும் வெள்ளையை வாரந்தோறும் தேய்த்து எடுக்க வேண்டும், குடிக்க 20 லிட்டர் கேன் வைக்க வேண்டும்.

சிஎம்சியில் 1971 முதலே சிறுநீரக மாற்று சிகிச்சை நடக்கிறது. அந்தச் சிகிச்சை முடிந்தவர்கள் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை விடாமல் சாப்பிடுவதால், நமக்குச் சளியோடு போகும் தொற்று அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும். ஆகவே ஒவ்வொருவர் போனதும் விரிப்பையும் தலையணை உறையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். ஏசியைப் பொறுத்தவரை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் நோயாளிக்கு அது ஆடம்பரமல்ல.

காட்பாடி:
அடையாள அட்டையின் நகலை வாங்கி, பதிவேட்டில் எழுதி வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் பொறுப்பு. அதற்கான பதிவை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். மின் கட்டணப் பிரிவையும் சொத்து வரியையும் மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

தோட்டப்பாளையம்வாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்ததும் அளந்து பார்த்தேன்: வாசல் நிலைப்படி ஐந்து அங்குலம் உயரமாக இருக்கிறது. சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு கட்ட நாளை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

கொசப்பேட்டை:
சரிவு செங்குத்தாக வேண்டாம், சகோதரி. ஐந்து அங்குலத்துக்கு ஐந்தடி நீளமாவது விடச் சொல்லுங்கள். தள்ளுகிறவரும் பெரும்பாலும் வயதானவராகவே இருப்பார்.