ஜெர்மனியில் நிரந்தர வசிப்புரிமை: ஏ1 போதுமா, பி1 வேண்டுமா?

கேள்வி: வணக்கம். ப்ளூ கார்டு (உயர்கல்வித் தகுதியுள்ள வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வசிப்பு அனுமதி) பெற்று மியூனிக்கில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். ஜெர்மன் மொழியில் ஏ1 (தொடக்க நிலை) மட்டுமே முடித்துள்ள நான், பி1 (இடைநிலை) தேர்வை எழுதிய பிறகுதான் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

பதில் 1: கட்டாயமில்லை. ஏ1 இருந்தால் 27 மாதங்களும், பி1 இருந்தால் 21 மாதங்களும் ப்ளூ கார்டுக்குரிய வேலையில் இருந்து, அக்காலம் முழுவதும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் செலுத்தியிருக்க வேண்டும். ஆனால் பின்னாளில் குடியுரிமை கோரவும் பி1 தேவைப்படும் என்பதால், இப்போதே எழுதிவிடுவது நல்லது என்பேன்.

பதில் 2: ஜெர்மனியின் சட்டம், சமூகம் பற்றிய 'லேபன் இன் டாய்ச்லாண்ட்' தேர்வையும் மறந்துவிடாதீர்கள். 33 கேள்விகளில் 15 சரியானால் வசிப்புரிமைக்குப் போதும். எனினும் 17 எடுத்துவிட்டால் அதே சான்றிதழ் குடியுரிமைக்கும் உதவும்.

கேட்டவர்: மிக்க நன்றி. பி1 வகுப்பிலேயே சேர்ந்துவிடுகிறேன்.